கழற்றிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்



நீளமான பதிவு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தவர்களும் இன்று ஒரு நாள் முழுதாகப் படித்துவிடுங்கள். யாரையும் பேர் சொல்லித் திட்டப் போவதில்லை. ஆனால் திட்டத்தான் போகிறேன்.

விஷயம் இதுதான். வீட்டில் இருக்கும் ஏழெட்டு வருஷத்து லேப்டாப்போ டெஸ்க்டாப்போ மெதுவாகிவிட்டால், "அதோட ஆயுசு அவ்வளவுதான், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் சொல்கிறார், அவர் விற்கிறவர், சொல்லத்தான் செய்வார். என் கோபம் அவர் மேல் இல்லை. நம் பிள்ளைகள் மேல். சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். அப்பாவின் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்கள். அது எழுந்து வருவதற்குள் ஒரு காப்பி குடித்து முடித்துவிட்டு, "இதெல்லாம் வேஸ்ட்டுப்பா" என்று எழுந்து போகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் விலை. அதை அப்பா கொடுக்கிறார்.

ஒரு டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்பு சொன்னால் நமக்குக் கோபம் வரும். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

நான் சொல்வது ஒன்றே ஒன்று. மெதுவாகிவிட்ட பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் மொத்த இயந்திரமும் கிழடாகிவிடவில்லை. அதில் ஒரு பாகம்தான் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது. அது சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு, பொருத்தமான ஒரு எஸ்.எஸ்.டி.யைப் போட்டால் குறைந்த செலவில் பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். விலை ஏறும், இறங்கும். எவ்வளவு ஏறினாலும் புது லேப்டாப்பின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். இது தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது சோம்பேறித்தனம். தெரியாமலே தீர்ப்பு சொல்வது அதைவிட மோசம்.

நான் இயற்பியல் வாத்தியார். கணக்கு போடாமல் உங்களை விட மாட்டேன்.

லேப்டாப்பில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி வினாடி. நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லி வினாடி. அதற்கு முன்னால் படிக்கிற முனை, பழைய கிராமபோன் ஊசி மாதிரி, சரியான வட்டத்துக்கு நகர்ந்து போக வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடி ஆகும். கூட்டினால் ஒரு தகவலை எடுக்க 16, 17 மில்லி வினாடி. அதாவது வினாடிக்கு 60 தடவைதான் அது ஓடிப்போய் எடுத்துவர முடியும்.

இப்போது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நடப்பதைப் பாருங்கள். விண்டோஸ் எழுந்திருப்பது ஒரே பெரிய கோப்பைப் படித்து அல்ல. தட்டின் இங்கொரு மூலையிலும் அங்கொரு மூலையிலும் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படித்து. கணக்குக்காகப் பத்தாயிரம் துண்டு என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 60 என்றால் 166 வினாடி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 0.1 மில்லி வினாடி. அதே பத்தாயிரம் துண்டுக்கு ஒரு வினாடி.

அப்பா காப்பி குடித்துக் காத்திருந்த அந்த மூன்று நிமிடமும் இந்த ஒரு பாகத்துக்குள்தான் போயிற்று. பிராசஸர் அந்த நேரத்தில் என்ன செய்தது? பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவன் மாதிரி சும்மா நின்றது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஐ.பி.எம். நிறுவனம் 1956-ல் முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். ஓர் இரும்பு பீரோவைவிடப் பெரியது. அதன் கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் போனில் எடுக்கிற ஒரு படத்துக்குச் சரியாக இருக்கும். அது நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றியது. இன்று உங்கள் லேப்டாப்பில் இருப்பது 5,400. கொள்ளளவு லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. பிராசஸரின் வேகமும் அப்படித்தான் பாய்ந்திருக்கிறது. ஆனால் சுழலும் வேகம் நாலரை மடங்குதான் கூடியது. பெரிய சர்வர்களுக்கென்று 15,000 சுற்று வரை கொண்டுபோனார்கள். அதற்கு மேல் இரும்பும் மோட்டாரும் ஒத்துழைக்கவில்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். நம் பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சுழல்வதை விட்டால்தான் விடுதலை என்று தொழில்நுட்பமே எப்போதோ முடிவு செய்துவிட்டது. நம் வீட்டு மேஜையில் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனி வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"பழைய மெஷின்ல எஸ்.எஸ்.டி. முழு வேகத்துல ஓடாது சார்." இதைச் சொல்பவர்களுக்குப் பாதி விஷயம் தெரியும். மீதிப் பாதி தெரியாததுதான் ஆபத்து. சாட்டா என்கிற இணைப்பில் மூன்று தலைமுறை உண்டு. முதலாவது வினாடிக்கு ஏறக்குறைய 150 மெகாபைட், இரண்டாவது 300, மூன்றாவது 600. உங்கள் பழைய லேப்டாப் இரண்டாம் தலைமுறை என்றால், 550 மெகாபைட் திறனுள்ள எஸ்.எஸ்.டி. அதில் 300-க்குள்தான் ஓடும். உண்மைதான். ஆனால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். நம்மைக் காக்க வைத்தது மெகாபைட் அல்ல, அந்த 16 மில்லி வினாடி. அது 0.1 ஆகக் குறைவதை இணைப்பின் தலைமுறை தடுப்பதில்லை. இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் நம் ஊர்ச் சாலையில் எண்பதில்தான் போகும் என்பதற்காக, மாட்டு வண்டியே போதும் என்று யாராவது சொல்வார்களா?

"எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேஞ்சு போயிடும்." தேயும். எதுதான் தேயாது? அதில் எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 240 ஜி.பி. அளவுள்ள மலிவான ஒன்றுக்கே 80 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுவது உண்டு. தினம் 20 ஜி.பி. எழுதினால்கூட 4,000 நாள். பதினோரு வருஷம். லெட்டர் டைப் அடித்து, பென்ஷன் கணக்கு பார்த்து, யூடியூபில் பாட்டு கேட்கிற நம்மில் யார் தினம் 20 ஜி.பி. எழுதுகிறோம்? அதற்குள் கீபோர்டு போய்விடும், கீல் உடைந்துவிடும். மேலும், ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடக்கிறோமே, அந்த அதிர்வில் அடிபடுவது சுழலும் டிஸ்க்தான்.

ஆனால் ஒன்று. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல சமயம் கரகர என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் போய்விடும். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வைப்பதை எந்த டிஸ்க்காலும் ரத்து செய்ய முடியாது.

"எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடலாம், ரெண்டாயிரம் கழிச்சுக்குவாங்க." இதுதான் என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அந்தப் பழைய டிஸ்க்கில் என்ன இருக்கிறது? ஆதார், பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படங்கள். "எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன்" என்பீர்கள். டிலீட் செய்தால் அட்டவணையிலிருந்து பேர்தான் போகிறது. அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்படும் வரை உள்ளே இருப்பது இருக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ரெண்டாயிரத்துக்கு நீங்கள் விற்பது லேப்டாப்பையா, வீட்டு பீரோ சாவியையா?

"விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, எப்படியும் மாத்தித்தானே ஆகணும்?" இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இந்த ஒரு கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டன. அவை கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனதாக அறிவிக்கப்பட்டன. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அதற்கும் வழி இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். பிரவுசர், மெயில், லிப்ரே ஆபீஸ், வீடியோ எல்லாம் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். டேலியிலும், விண்டோஸில் மட்டும் ஓடுகிற வேறு மென்பொருளிலும் தினமும் பிழைப்பு நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் இந்தப் பதிவைப் படிக்கிற உறவினர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் திறப்பது பிரவுசரை மட்டும்தான். அவர்களுக்கு இது போதும்.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா தையல் வேலை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. உங்களில் பலரும் அதை வாங்கியவர்கள். படம் எடுத்து அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம். பிராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கடையில் காட்டியபோது, "மதர்போர்டு வீக் ஆயிடுச்சும்மா, இதுல செலவு பண்றது வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு, தவணையில் புதுசு தருவதாக ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். முன்பணத்துக்கு அம்மாவின் வளையலை அடகு வைக்கப் பேச்சு நடந்தது.

மதர்போர்டில் ஒன்றுமே இல்லை. என்னிடம் படித்த தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தான். பின்புற மூடியைக் கழற்றினான். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டான். காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 4 ஜி.பி. ரேம் சேர்த்தான். மொத்தச் செலவு, அந்த வளையலுக்குக் கட்ட வேண்டியிருந்த ஒரு வருஷ வட்டியைவிடக் குறைவு. இப்போது அரை நிமிடத்துக்குள் ஆன் ஆகிறது. அவள் பிராஜெக்ட்டை அதிலேயே முடித்துக் கொடுத்துவிட்டாள். கூலி வாங்காமல் அதைச் செய்துவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்த அந்தத் தம்பிக்கு இங்கேயே ஒரு வணக்கம். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வளையல் வீட்டிலேயே இருக்கிறது. நான் பேசுவது இதைப் பற்றித்தான். நமக்கு "வேஸ்ட்டு" என்று சொல்வது ஒரு வார்த்தை. சில வீடுகளில் அது அடகுச் சீட்டு.

சரி, திட்டியது போதும். செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். "பொருத்தமான" என்று மேலே ஒரு சொல் போட்டிருந்தேன். அதைத் தாண்டிப் போய் அவசரப்பட்டு எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெதுவாக இருக்கும் நேரத்தில் "டிஸ்க்" என்கிற இடத்தைப் பாருங்கள். பிராசஸர் பத்து இருபது சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ரேமையும் பாருங்கள். அது நிரம்பி வழிந்தால், விண்டோஸ் இடம் போதாமல் டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும். அப்போது ரேமும் சேர்த்தால்தான் முழுப் பலன்.

அடுத்து, உள்ளே எந்த வகை இணைப்பு என்று பாருங்கள். கடந்த பதினைந்து வருஷத்து லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க் இருந்தால், அது பெரும்பாலும் இரண்டரை அங்குல சாட்டா வகைதான். அதே அளவில் வரும் சாட்டா எஸ்.எஸ்.டி. அப்படியே உட்காரும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்.எஸ்.டி. 7 என்றால் கொஞ்சம் ஆடும். ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரியாகிவிடும். டெஸ்க்டாப் என்றால் மூன்றரை அங்குல இடத்தில் பொருத்த ஒரு தகடும், ஒரு சாட்டா கேபிளும், பவர் சப்ளையில் காலியாக ஒரு சாட்டா பவர் முனையும் வேண்டும். அகலமான பட்டைக் கேபிளும் வரிசையாக ஊசிகளும் உள்ள ஐ.டி.ஈ. காலத்து மெஷின் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மரியாதையாக ஓய்வு கொடுக்கலாம்.

எம்.2 என்று சூயிங்கம் பட்டை போல ஒரு வகை உண்டு. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சாட்டா, என்.வி.எம்.ஈ. என்று இரண்டு மொழி. சாட்டா மட்டும் தெரிந்த இடத்தில் என்.வி.எம்.ஈ. போட்டால் வேலை செய்யாது. சில பழைய மெஷின்களில் என்.வி.எம்.ஈ.யிலிருந்து விண்டோஸைத் துவக்கவே பயாஸுக்குத் தெரியாது. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மூன்றாவது, எண்ணூறு ரூபாய்க்கு 2 டெராபைட் என்று ஆன்லைனில் வரும் விளம்பரங்கள். அது பொய். உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை ஒட்டிவைத்து, அளவை மட்டும் பெரிதாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். கொஞ்சம் நிரம்பியதும் உங்கள் கோப்புகள் காணாமல் போகும். தெரிந்த பேர், உத்தரவாதம், பில் மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாற்றும்போது முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறொரு இடத்தில் பிரதி எடுப்பது. இரண்டு வழி உண்டு. புதிதாக விண்டோஸோ லினக்ஸோ போட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவது ஒன்று. அதுதான் சுத்தம். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பது இன்னொன்று. யு.எஸ்.பி.யிலிருந்து சாட்டாவுக்குப் போகும் ஒரு கேபிளும், குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளும் போதும். புது டிஸ்க் பழையதைவிடச் சின்னது என்றால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க் ஏற்கெனவே கரகர என்றால், நகல் எடுக்கிறேன் என்று அதைப் பாடாய்ப் படுத்தாமல் கோப்புகளை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள்.

கழற்றும் முன் சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் பிரித்துவிடுங்கள். ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பத்தாம் வகுப்பில் சீப்பும் காகிதத் துண்டும் வைத்துக் காட்டினேனே, அதே மின்சாரம்தான். பயாஸில் ஏ.ஹெச்.சி.ஐ. என்கிற அமைப்பு நல்லது. ஆனால் பழைய விண்டோஸை நகல் எடுத்துப் போடுகிறவர்கள், ஏற்கெனவே வேறு அமைப்பில் இருந்தால் அதைச் சட்டென்று மாற்றாதீர்கள். நீலத் திரை வரும். விண்டோஸ் 7-க்கு முந்தைய விண்டோஸ்களுக்கு எஸ்.எஸ்.டி.யைப் பராமரிக்கத் தெரியாது. டீஃப்ராக் செய்யும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுழலாத தட்டில் ஒழுங்குபடுத்த ஒன்றும் இல்லை. வீண் தேய்மானம்தான்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கூடு வாங்கிப் போட்டால், அதுவே உங்கள் பிரதி வைக்கும் பெட்டி. இயக்கத்துக்கு மெதுவாக இருந்த அது, சேமிப்புக்குத் தாராளம்.

எதற்கெடுத்தாலும் எஸ்.எஸ்.டி. போடு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதர்போர்டு உண்மையிலேயே போய்விட்டால் போய்விட்டதுதான். திரையும் கீலும் பேட்டரியும் சேர்ந்து போயிருந்தால் செலவு கட்டுப்படியாகாது. சில மலிவு லேப்டாப்களில் சேமிப்பகத்தைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், மாற்றவே முடியாது. வீடியோ எடிட்டிங், கனமான வடிவமைப்பு என்று பிழைப்பு இருப்பவர்களுக்குப் புது மெஷின் தேவைதான். தேவை இருந்து வாங்குவதை யாரும் குறை சொல்லவில்லை. பார்க்காமலே வாங்க வைப்பதைத்தான் சொல்கிறேன்.

போர்டிலேயே பற்றவைப்பது என்று சொன்னேனே, அதை மறுபடி யோசியுங்கள். இன்று விற்கும் மெல்லிசான லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மாற்ற முடியாது. சிலவற்றில் டிஸ்க்கையும் மாற்ற முடியாது. நீங்கள் "வேஸ்ட்டு" என்று தூக்கிப் போடச் சொல்கிற பழைய தடித்த லேப்டாப்பில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வரும். அதாவது, பழுது பார்க்கக்கூடிய பொருளைக் கொடுத்துவிட்டு, பழுது பார்க்க முடியாத பொருளை அதிக விலைக்கு வாங்குகிறோம். இதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. பிரான்ஸில் 2021-லிருந்து லேப்டாப் போன்றவற்றை விற்கும்போது, அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. பழைய சாமான் வண்டியில் ஏறி, எங்கோ ஒரு சந்தில் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறவர் மூச்சுக்குள் போகிறது. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் பூமிக்கு வைக்கும் சுமையில் பெரும்பகுதி, அது தயாராகும்போதே ஏறிவிடுகிறது. அதனால் இருப்பதை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டுவதைவிடப் பெரிய சிக்கனம் இதில் கிடையாது.

கடைசியாக, என் மாணவர்களுக்கு. உறவினர்கள் இதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

நீங்கள் படித்தீர்கள். அந்த ஊரில், அந்தத் தெருவில், உங்கள் வீட்டில் முதலில் படித்தவர்கள் உங்களில் பலர். உங்கள் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கம்ப்யூட்டர் என்றால் நீங்கள் சொன்னதுதான் வேதம். கடைக்காரர் சொன்னால்கூட, "இரு, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்கிறார்கள். அந்த நம்பிக்கை உங்கள் சம்பளத்துக்கு வந்ததல்ல, படிப்புக்கு வந்தது. அப்படிக் கேட்கிறவர்களிடம் திறந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

இந்தத் தடவை ஊருக்கு வரும்போது பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, இரண்டு மெஷினைத் திறந்து பாருங்கள். சரி செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். அதற்குப் பிறகு புதுசு வாங்கச் சொன்னால் நானே வந்து நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறேன்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மாடல் பேரைக் கீழே கமென்ட்டில் போடுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். தெரியாததைச் சொல்ல இந்தப் பட்டியலிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்; யார் யார் என்று அவர்களுக்கே தெரியும். லைக் போட்டுவிட்டு நழுவ வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்